சுத்தமான கைகள்

தோக்தார் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டவன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அதான் வெட்கமா இருக்கு,” என்றான். தன் டயர் கடையில் லாரி டயர் ஒன்றின் முன் குந்தியிருந்தான். “விருந்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் வயித்தால போச்சு. காய்ச்சல் வேற. நான் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஏதோ நான்தான் கலந்துட்ட மாதிரி பாக்குறாங்க.”

“அதெப்படி? நீ கலக்குறதுக்குள்ள தின்னு முடிச்சிருப்பியே,” என்றான் பெய்புத்.

கம்ஷாத் சிரிக்கவில்லை. போலீஸில் புலனாய்வு அதிகாரியாக இருந்து விலகி, தனியாகத் துப்பறிபவள். அல்மாட்டியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறாள். கதவில் பெயர்ப் பலகை கிடையாது. பெய்புத் அவளுடைய டிரைவர், உதவியாளன். அடங்காத வாய்.

வழக்கைக் கொண்டுவந்தவர் சபர்காலி. ரயில்வேயில் சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. தனியாக இருக்கிறார். பேத்தி இங்கார் நடக்க ஆரம்பித்ததும், கசாக் வழக்கப்படி குழந்தையின் காலில் கட்டிய கயிற்றை அறுக்கும் விருந்தைத் தன் வீட்டில் வைத்தார். மறுநாள் விருந்தாளிகள் படுத்தார்கள். அவரும் படுத்தார், இங்காரும் படுத்தாள். பரிசோதனையில் சால்மொனெல்லா கிருமி என்று வந்தது. பெரியவர்கள் தேறிவிட்டார்கள். குழந்தை மட்டும் இன்னும் தொற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறாள். கையில் ஊசியோடு.

பழி கஸி மேல் விழுந்தது. குதிரை விலா இறைச்சியைக் குடலில் அடைத்துக் கட்டுவது. அதைக் கொண்டுவந்தவள் சம்பந்தி ஓராஸ்குல், மருமகள் ஷினாரின் அம்மா. பஜாரில் கஸி விற்பவள். ஷினாரின் கணவன் மேற்கே எண்ணெய் வயலில் வேலையாக இருந்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு உறவினர் கூடுகிறார்கள். ஷினாரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று பேச்சு.

“கஸிதான்னு உறுதியாத் தெரியணும்,” என்று சபர்காலி கம்ஷாத்தின் அறையில் உட்கார்ந்து சொன்னார். சொல்லும்போது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ கஸி தின்னியா?” என்று இப்போது கம்ஷாத் தோக்தாரிடம் கேட்டாள்.

“தின்னேனாவா? வண்டி மக்கர் பண்ணி லேட்டாத்தான் போனேன். கறி அப்பவே சாப்பாட்டு விரிப்புக்கு வந்துருச்சு. பைப்புல கையக் கழுவிட்டு ஓடிப்போய் உக்காந்தேன். டயர் கை அக்கா, சோப்பு போட்டுத் தேச்சாலும் போகாது. நிமிர்ந்து பாத்தா சபர்காலி சித்தப்பா பேத்திக்கு ஊட்டிட்டு இருக்கார். தன் கையால முதல் வாய். எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க. நான் அந்த சந்துல கஸித் தட்டை என் பக்கம் இழுத்துக்கிட்டேன்.”

“மிச்சம்?”

“மறுநாள் காலையில கீழ முற்றத்து நாய்க்குப் போட்டாங்க.”

“நாய் எப்படி இருக்கு?”

“நேத்துகூட என்னைப் பாத்துக் குலைச்சுது.”

காரில் ஏறியதும் பெய்புத் சொன்னான்: “ரெண்டு சாட்சி. தோக்தார் ஒண்ணு, நாய் ஒண்ணு. எனக்கு நாய் மேலதான் நம்பிக்கை.”

*

குதிரை இறைச்சி வரிசையில் ஓராஸ்குலின் மேஜை மட்டும் நிறைந்திருந்தது. ஒன்றும் விற்கவில்லை. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் நின்றார்கள். நடுவில் அவள் வெள்ளை மேலுடுப்பில், கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா? இப்பல்லாம் பாக்கத்தான் கூட்டம்.”

“உங்க சம்பந்தி அனுப்பினார்,” என்றாள் கம்ஷாத்.

“சம்பந்தின்னா இன்னும் சொல்றாரு?”

பக்கத்து மேஜைக்காரி தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் காது இந்தப் பக்கமே இருந்தது.

பெய்புத் கஸியையே பார்த்தான். “அக்கா, ஒரு துண்டு கெடைக்குமா? செத்தாலும் ருசியாச் செத்தான்னு பேராவது இருக்கட்டும்.”

ஓராஸ்குல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தடிமனாக ஒரு துண்டு வெட்டிக் கத்தி முனையிலேயே நீட்டினாள். அவன் வாயில் போட்டுக்கொண்டான். கண்ணை மூடினான்.

“என்ன?” என்றாள் கம்ஷாத்.

“பேசாதீங்க அக்கா. நான் இப்பத்தான் போய்ச் சேர்ந்தேன்.”

ஓராஸ்குலின் வாய் ஓரம் அசைந்தது. உடனே இறுகியது.

“அன்னைக்கு என்ன செஞ்சீங்க? வந்ததிலிருந்து சொல்லுங்க.”

“கஸியை இங்கயே வேக வச்சு எடுத்துட்டுப் போனேன். நானே அடுக்களையில நின்னு நறுக்கினேன். அங்க நாலு அடுப்புலயும் பானை. ஒரு கெட்டில் வைக்க இடமில்ல. கொழுப்புக் கை. சோப்பு போட்டு அங்கயே குழாய்ல கழுவிட்டு வந்தேன். நான் வந்து உக்காரும்போது ஷினார் கெண்டியோட எல்லாருக்கும் கை கழுவ ஊத்தி முடிச்சிருந்தா. எனக்கும் ஊத்த வந்தா. வேண்டாம்டி, இப்பத்தான் கழுவினேன்னேன். அதே கஸியைத்தான் நானும் தின்னேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகல.”

“ஆகல. அதான் என் குத்தம். எனக்கும் ஒரு நாள் வயித்தால போயிருந்தா இந்நேரம் என்னை மன்னிச்சிருப்பாங்க.”

ஒரு கிழவர் மேஜை முன் நின்றார். கஸியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். ஓராஸ்குல் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கத்தியை மறுபடி துடைத்தாள்.

“ஊரு பேசுறது போகட்டும். என் பொண்ணைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறா. நான் தப்பு பண்ணலன்னு அவளுக்குத் தெரியாதா? அது ஒண்ணுதான் எனக்கு விளங்கல.”

*

கம்ஷாத் காரில் இருந்தே முல்லாவுக்குப் போன் செய்தாள். விருந்தில் துஆ ஓதியவர். விரிப்பின் மரியாதைக்குரிய மேலிடத்தில் உட்கார்ந்தவர். குரல் பலவீனமாக வந்தது.

“கஸியா? நான் தொடவே இல்ல, மகளே. கால் வீக்கம். குதிரைக் கறி கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. வெந்த மாவுத் துண்டு மட்டும், கையால எடுத்து நாலு வாய். அதுக்கே மூணு நாள் பாத்ரூம்லதான் என் தொழுகை, இபாதத் எல்லாம்.”

அடுத்து நீனா பவ்லோவ்னா. சபர்காலியின் எதிர் வீட்டு ரஷ்யக்காரி.

“எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. கஸியும் தின்னேன். ஆனா உங்களாட்டம் கையால எனக்கு வராது. எனக்குன்னு ஒரு முள்கரண்டி வச்சிருந்தார் பாவம். கை கழுவினேனே. அந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையா ஊத்தினா! தண்ணி இதமா, வெதுவெதுன்னு.”

கம்ஷாத் போனை மடியில் வைத்தாள்.

“வெதுவெதுன்னு,” என்றாள்.

“நல்ல மருமக. காய்ச்சி ஊத்தியிருக்கா.”

“அந்தக் கட்டடத்துக்குக் குழாய்ல வர்ற சுடுதண்ணியைக் கோடைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்காங்க. நாலு அடுப்புலயும் பானை. எதுல காய்ச்சினா?”

பெய்புத் விளக்கு பச்சையானதைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“கஸி தின்ன தோக்தாருக்கு ஒண்ணுமில்ல,” என்றாள் கம்ஷாத். “தின்னாத முல்லாவுக்குப் போச்சு. நீனா கெண்டித் தண்ணியில கழுவினா, முள்கரண்டியில சாப்பிட்டா. நல்லாயிருக்கா. கெண்டியில கழுவி, அந்தக் கையாலயே சாப்பிட்டவங்க எல்லாரும் படுத்தாங்க.”

“அப்போ கை கழுவினதாலதான் நோவு. கழுவாதவன் பிழைச்சான். எங்கம்மாவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லணும்.” சற்று நேரம் ஓட்டினான். “நாய்?”

“நாய் கை கழுவல.”

“சரி. குழந்தை? ஒரு வயசுக் குழந்தைக்கு யார் கெண்டி புடிச்சாங்க?”

கம்ஷாத் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “நேரா ஆஸ்பத்திரிக்கு விடு,” என்றாள்.

*

மருத்துவமனையில் டாக்டர் தாழ்வாரத்திலேயே நின்று பேசினார்.

“காய்ச்சல் இறங்கிடுச்சு. ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடலாம். முதல் நாள் எனக்கே பயம்தான். இந்த வயசுல இது சாதாரண வயித்துப்போக்கு இல்ல. ரத்தத்துல ஏறியிருந்தா வேற கதை.”

“எதிலிருந்து வந்திருக்கும்?”

“முட்டை, கறி, பால். எதுவா வேணாலும் இருக்கலாம். சின்னக் குழந்தைன்னா நாங்க இன்னொண்ணும் கேப்போம். வீட்ல ஆமை, ஓணான், தண்ணித் தவளை ஏதாவது வளக்கிறீங்களான்னு. அதுங்க நல்லாத்தான் இருக்கும். துள்ளிக்கிட்டு இருக்கும். ஆனா கிருமி அதுங்க மேலயும் இருக்கும், அதுங்க இருக்குற தண்ணியிலயும் இருக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை புழங்குற வீட்ல வேண்டாம்னு சொல்லுவோம்.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். அவங்க வீட்டையும் கேட்டேன், விருந்து நடந்த வீட்டையும் கேட்டேன். ரெண்டுலயும் இல்லைன்னு அம்மா சொன்னாங்க.”

“உடனே சொன்னாளா?”

டாக்டர் யோசித்தார். “இல்ல. கொஞ்ச நேரம் என் வாயையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க.”

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஷினார் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். கம்ஷாத்தைப் பார்த்ததும் எழுந்து, தலை குனிந்து நின்றாள். பெரியவர்கள் முன் மருமகள் நிற்கும் நிலை. இங்கார் அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

“கெண்டியை எங்கிருந்து எடுத்த?” என்று கம்ஷாத் கேட்டாள்.

ஷினாரின் கழுத்து சிவந்தது. குழந்தையின் கையைத் தன் முடியிலிருந்து விடுவித்தாள்.

“பாத்ரூம்ல இருந்துச்சு,” என்றாள். “ரொம்பி இருந்துச்சு. மேல ஒரு துண்டு போட்டு மூடியிருந்துச்சு. தொட்டுப் பாத்தேன். வெதுவெதுப்பா இருந்துச்சு. சுடுதண்ணி இல்லைன்னு மாமாவே எனக்காகத் தயார் பண்ணி வச்சிருக்கார்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஊத்தினேன். எல்லாருக்கும்.”

“டாக்டர் கேட்டப்ப ஏன் இல்லைன்ன?”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கம்ஷாத் மறுபடி கேட்கவில்லை.

*

சபர்காலி தேய்த்த சட்டையோடு கதவைத் திறந்தார்.

“உறுதியாயிடுச்சா?”

“கை கழுவணும்,” என்றாள் கம்ஷாத்.

“பாத்ரூம் அந்தப் பக்கம். சுடுதண்ணி இல்ல. அடுத்த வாரம்தான் விடுவாங்களாம்.”

அவள் பாத்ரூம் பக்கம் போகவில்லை. ஜன்னலுக்குப் போனாள். வரிசையாக ஜெரேனியம் தொட்டிகள். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளிச்சத்தை மறைத்தன.

“உரம் என்ன பெரியவரே?” என்றான் பெய்புத். “எனக்கும் கொஞ்சம் குடுங்க. தலையில தடவிக்கிறேன்.”

தொட்டிகளுக்குக் கீழே செம்புக் கெண்டி நின்றது. நீண்ட மூக்கு. கம்ஷாத் அதன் வயிற்றில் புறங்கையை வைத்தாள். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. கிண்ணத்தின் அடியில் சிவப்பு நூல்போல ஏதோ ஒன்று மெல்லச் சுழன்று படிந்தது.

“நூலா?” பெய்புத் குனிந்தான்.

“புழு,” என்றாள் கம்ஷாத். “தொட்டிப் பிராணிக்குப் போடுற தீனிப் புழு.”

சபர்காலி நாற்காலியைத் தேடிக் கையால் தடவினார். உட்கார்ந்தார்.

வீடு அமைதியாக இருந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீரில் குமிழி உடையும் சத்தம் விடாமல் கேட்டது. கம்ஷாத் கதவைத் திறந்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூல் மேல் கண்ணாடித் தொட்டி. உள்ளே கட்டைவிரல் அளவுக்குத் தவளைகள். ஒன்று நான்கு காலையும் விரித்து நீரின் நடுவில் அசையாமல் தொங்கியது. இன்னொன்று மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கியது.

“அழகா இருக்கு,” என்றான் பெய்புத். அவன் வேறெதுவும் சேர்த்துச் சொல்லாதது புதிதாக இருந்தது.

சபர்காலி வாசல்படியில் வந்து நின்றார். வேகமாகப் பேச ஆரம்பித்தார்.

“இதுங்க தண்ணியை விட்டு வெளிய வராது. வெளிய விழுந்தா சீக்கிரமே காஞ்சு செத்துடும். தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும், அதுக்குத்தான் அந்த ஹீட்டர். குழாய்த் தண்ணியை நேரா ஊத்தக் கூடாது, குளோரின் தோலை எரிச்சிடும். ஆற வச்சுத்தான் ஊத்தணும். கல்லு பொடியா இருந்தா தீனியோட முழுங்கி வயிறு அடைச்சுக்கும். அதான் உருண்டைக் கல்லாப் போட்டேன். வேகமா ஊத்தினா பயந்துடும். கெண்டி மூக்கால மெதுவா ஊத்துவேன். அதாலயே மொண்டும் எடுப்பேன். பழைய தண்ணியை வீணாக்க மாட்டேன், செடிக்கு நல்லது.”

“கெண்டியை சோப்பு போட்டுக் கழுவுவீங்களா?”

“சோப்பா? ஐயோ, ஒரு துளி போதும், எல்லாம் செத்து…”

நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே கேட்டார்.

தொட்டியில் ஒரு தவளை கண்ணாடியில் கையை வைத்து நின்றது.

“தொட்டி எப்பவும் இந்த ரூம்லயா இருக்கும்?” என்றாள் கம்ஷாத்.

“இல்ல. ஹால்ல. விருந்துக்காக நகர்த்தினேன்.”

“ஏன்?”

“முல்லா வர்றார். சொந்தக்காரங்க வர்றாங்க. வயசான காலத்துல ஆம்பளை குதிரை வளப்பான், சபர்காலி தவளை வளக்கிறான்னு ஏற்கெனவே சிரிக்கிறாங்க.” அவர் தரையைப் பார்த்தார். “தண்ணியோட தூக்க முடியல. மொண்டு மொண்டு எடுத்தேன். பாதியைப் பாத்ரூம்ல கொட்டினேன். கடைசிக் கெண்டியைச் செடிக்குன்னு மூடி வச்சேன். அப்புறம் ஆட்கள் வந்துட்டாங்க.”

“ஷினாருக்கு அது தெரியாது. நீங்க அவளுக்காக வெதுவெதுன்னு தயார் பண்ணதா நினைச்சிருக்கா.”

அவர் முகத்தைக் கையால் மூடப் போனார். பாதியில் நிறுத்திக் கைகளைக் கீழே இறக்கினார்.

“இன்னொண்ணு,” என்றாள் கம்ஷாத். “டாக்டர் அவகிட்ட தவளை இருக்கான்னு கேட்டார். தவளைத் தண்ணின்னு அவர் சொன்ன அந்த நிமிஷமே அவளுக்குப் புரிஞ்சிருக்கு. இல்லைன்னு சொல்லிட்டா.”

“ஏன்?”

“உங்களுக்குத் தெரியும் ஏன்னு. ஊத்தினது அவ. ஊட்டினது நீங்க.”

பெய்புத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவ அம்மா பேரு பஜார்ல நாறுது,” என்றார் சபர்காலி. “அதைப் பாத்துட்டும் அவ…”

“பாத்துட்டும்தான். நீங்களும் பாத்தீங்க.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் மனைவியின் படம் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“என் கையில ஊத்தினப்ப வெதுவெதுன்னு இருந்துச்சு,” என்றார். “ஒரு நொடி நினைச்சேன். கேக்கலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல முல்லா. எதிர்ல சொந்தக்காரங்க எல்லாம். இது தவளைத் தண்ணியாம்மான்னு சபையில எப்படிக் கேப்பேன்? கொட்டிட்டுப் புதுசா நிரப்பியிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். துண்டால துடைச்சேன். கறி வந்துச்சு. நல்ல துண்டாப் பாத்து, கையால பிச்சு, குழந்தை வாயில வச்சேன். சப்பித் தின்னா.”

“அப்புறம்?” என்றாள் கம்ஷாத்.

“மறுநாள் எல்லாரும் கஸின்னாங்க. எனக்கு அது வசதியாப் போச்சு. நான் கஸின்னு சொல்லவே இல்ல, அவங்கதான் சொன்னாங்க. ஆனா படுத்தாத் தூக்கம் வரல. வெளியாள் ஒருத்தர் வந்து ஆமா, கஸிதான்னு சொல்லிட்டா நானும் நம்பிடலாம்னு…”

“அதுக்குத்தான் என்கிட்ட வந்தீங்க.”

“ஆமா.”

பெய்புத் தொண்டையைச் செருமினான். “அக்கா, நம்மள இதுவரைக்கும் உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க. இது புதுசு.” யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

சபர்காலி சட்டென்று எழுந்தார். தொட்டியை இரண்டு கையாலும் பிடித்தார். “இதைக் கொண்டுபோய்த் தெரு வாய்க்கால்ல கொட்டிட்டு வரேன்.”

“வைங்க கீழ,” என்றாள் கம்ஷாத். “இதுங்க மேல என்னென்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வாய்க்கால்ல இருக்குற தவளைக்கெல்லாம் ஒட்டும். இன்னொரு தடவை வேற யாரு தலையிலயோ கட்டாதீங்க. இதுக்குன்னு தனி வாளி வைங்க. குழந்தை வரும்போது இந்தக் கதவு பூட்டியிருக்கட்டும். தொட்டா சோப்பு போட்டுக் கழுவுங்க, தொட்டிக்குள்ள சோப்பு போகாம. இதுங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

அவர் கைகளை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமை நீங்க சொல்லுவீங்களா,” என்றாள், “நான் வந்து சொல்லணுமா?”

*

வெள்ளிக்கிழமை விரிப்பைச் சுற்றி இடமில்லை. தேறியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முல்லா மேலிடத்தில், ஒரு தலையணைக்குப் பதில் இரண்டு. தோக்தார் இந்தத் தடவை சீக்கிரமே வந்திருந்தான். இங்கார் முந்தின நாள்தான் வீடு திரும்பினாள். நீனா பவ்லோவ்னாவின் மடியில் இருந்தாள். ஓராஸ்குலுக்குக் கதவோரம் இடம் விட்டிருந்தார்கள். பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் பாவாடையை ஒதுக்கிக்கொண்டாள்.

கம்ஷாத்தும் பெய்புத்தும் சுவரோரம் நின்றார்கள்.

ஷினார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கை கழுவும் தட்டோடு வந்தாள். கெண்டியை எடுக்கத் திரும்பினாள். கெண்டி சபர்காலியின் கையில் இருந்தது. புதியது. கடைச்சீட்டு இன்னும் மூடியில் ஒட்டியிருந்தது.

அவர் மேலிடத்துக்குப் போகவில்லை. எல்லாரையும் தாண்டிக் கதவோரம் வந்தார். ஓராஸ்குல் முன் மண்டியிட்டார்.

“என்ன இது?” என்றார் ஒருவர். “சபர்காலி, உனக்கென்ன ஆச்சு? வயசுல பெரியவன் பொம்பளைக்குக் கெண்டி புடிக்கிறதா?”

“நான்தான்,” என்றார் சபர்காலி. நிமிராமலே பேசினார். “கஸி இல்ல. என் தவளைத் தொட்டித் தண்ணி அந்தக் கெண்டியில இருந்துச்சு. உங்க கிண்டலுக்குப் பயந்து தொட்டியை ஒளிச்சு வச்சேன். தண்ணி கையில பட்டப்ப எனக்கு சந்தேகம் வந்துச்சு. கேக்கல. அந்தக் கையாலதான் பேத்திக்கு ஊட்டினேன். அப்புறம் இத்தனை நாளா இவங்க மேல பழி போட விட்டேன். மருமக ஒண்ணும் அறியாம ஊத்தினா. தெரிஞ்சப்புறம் என் மானத்துக்காக வாயை மூடிக்கிட்டா.”

முல்லா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். வேறு சிலரும் பார்த்தார்கள். பெய்புத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கம்ஷாத் அவன் காலை மிதித்தாள்.

ஓராஸ்குல் கெண்டியைப் பார்த்தாள்.

“குழாய்த் தண்ணியா?”

“கொதிக்க வச்சு ஆற வச்சது.”

அவள் கைகளை நீட்டினாள். சபர்காலி ஊற்றினார். பாதித் தண்ணீர் தட்டிலும் பாதி அவர் முழங்காலிலும் விழுந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.

ஷினார் துண்டை நீட்டினாள். ஓராஸ்குல் அதை வாங்கவில்லை. பையிலிருந்து தன் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். மகளைப் பார்க்கவில்லை. ஷினாரின் கை நீட்டியபடியே இருந்தது.

பிறகு ஓராஸ்குல் பையிலிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்தாள். அவிழ்த்தாள். கஸி. மடியில் வைத்தே நறுக்கினாள். கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. முதல் துண்டைக் கையில் எடுத்தாள்.

“சம்பந்தி,” என்றாள்.

கல்யாணம் பேசி முடித்த அன்று இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் ஊட்டினார்கள். அன்று சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. சபர்காலி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள். அவர் மென்றார். கண்ணைத் திறக்கவில்லை.

ஓராஸ்குல் இன்னொரு துண்டு நறுக்கினாள். சிறிது நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். விரல்களில் கொழுப்பு மினுங்கியது. அப்போதுதான் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

“கிட்ட வா,” என்றாள்.

ஷினார் மண்டியிட்டாள்.

“வாயைத் திற. அம்மா கை கழுவியாச்சு.”

ஷினார் வாயைத் திறந்தாள். விழுங்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.